பல கண்கள், ஒரு திரை



இன்றைக்கு நம் ஆலயங்கள் பலவற்றில் பாடகர் மாடத்தின் மூலையில் ஒரு மேசை கிடக்கிறது. அதன்மேல் ஒரு லேப்டாப், நாலைந்து வயர்கள், ஒரு சின்ன ஆடியோ மிக்சர். காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். பீடத்துக்கு நேரே ஒரு கேமரா, வாசக மேடைக்குப் பக்கத்தில் ஒரு கேமரா, வாசல் பக்கமிருந்து முழு ஆலயத்தையும் பார்க்கிற ஒரு கேமரா. மூன்றும் ஒரே நேரத்தில் மூன்று படங்களை அவருக்கு அனுப்புகின்றன. வெளியே போவது ஒன்றே ஒன்றுதான். எது போகவேண்டும் என்பதை அவர் விரல் தீர்மானிக்கிறது. நாம் அவரைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. இந்த வாரம் அந்த மேசையின் வரலாற்றைக் கொஞ்சம் பேசுவோம். படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது விந்தைதான். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் யோசித்தால் சில விஷயங்கள் தெளிவாகப் பிடிபடுகின்றன.

செட்டிநாட்டு மண்ணுக்கு இது அந்நியமான பேச்சு அல்ல. இந்த ஊர்கள் எப்போதும் ஊரில் இல்லாதவர்களை நினைத்தே வாழ்ந்த ஊர்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் ஒரு பக்கம். அவர்கள் கடைகளில் வேலைக்குப் போனவர்கள், தோட்டங்களுக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். இப்போது சிங்கப்பூர், துபாய், குவைத் என்று நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு காலத்தில் ஊரில் ஒரு சாவு என்றால் தந்தி போகும். கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் முப்பதாம் நாள்கூட முடிந்திருக்கும். கல்யாணத்தின் புகைப்படம் தபாலில் போகும். இன்று அதே பிள்ளைகள் கைப்பேசியில் நம் ஞாயிறு திருப்பலியைப் பார்க்கிறார்கள். படுக்கையில் கிடக்கிற அப்பத்தாவும் பக்கத்துத் தெருவிலிருந்து அதையே பார்க்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஆலயம் என்பது அந்தத் தம்பி காட்டுகிற ஆலயம்தான்.

படத்தைக் கோத்துக் காட்டுகிற கலை நம் ஊருக்கு எப்போது வந்தது? பெரியவர்கள் பலருக்குத் தெரியும், இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாடுகளால் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க வழியில்லாமல், இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டுப் படம் எடுத்தார். 1947 ஜனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' அப்படி உருவான படம். 1948-இல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே, 1945-இல் வந்த 'ஸ்ரீ வள்ளி'யில், நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு சரியாக அமையவில்லை என்று பெரியநாயகியின் குரலை அந்தப் படத்தோடு சேர்த்தார் செட்டியார். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ஜனங்கள் பார்த்து ரசித்தார்கள்.

அந்தக் காலத்துச் சினிமாவில் இதற்கெல்லாம் அவகாசம் இருந்தது. பிலிம் சுருளை வெட்டி, ஒட்டி, போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் மறுபடி வெட்டலாம். ஒரு காட்சி கரைந்து மறுகாட்சி தோன்றவேண்டும் என்றால் லேபரட்டரியில் இரண்டு பிலிம்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும், நாள் கணக்கில் ஆகும். படத்தொகுப்பாளருக்கு நேற்று எடுத்ததை இன்று திருத்துகிற சலுகை உண்டு. நேரலையில் அந்தச் சலுகை கிடையாது. நடக்கிறபோதே தேர்ந்தெடுக்க வேண்டும். விட்ட கணம் விட்டதுதான்.

நேரலையில் பல கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் வேலை தொலைக்காட்சியோடு பிறந்தது. லண்டனில் பி.பி.சி. 1936 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 12-ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை, ஹைட் பார்க் முனையில் வைத்த மூன்று கேமராக்களால் காட்டினார்கள். மூன்று கேமரா என்றால் மூன்று படம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொலைக்காட்சிப் படம் என்பது மேலிருந்து கீழாக வரி வரியாக, ஒரு விநாடிக்கு இருபத்தைந்து முறை எழுதப்படுவது. ஒரு கேமரா பக்கத்தின் நடுவில் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றது மேல்வரியில் இருந்தால், மாற்றிய கணத்தில் வீட்டுப் பெட்டியில் படம் உருண்டு ஓடும். அதனால் எல்லாக் கேமராக்களுக்கும் ஒரே தாளம் கொடுக்க ஒரு கருவி வேண்டும். பாடகர் குழுவுக்கு ஒருவர் தாளம் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கத்தின் அடிக்கு வந்து, ஒரே சமயத்தில் மேலே போகிற அந்தக் கண்ணிமைப் பொழுதில் மாற்றினால் பார்ப்பவருக்குத் தெரியாது.

பதினாறு ஆண்டு கழித்து, 1953 ஜூன் 2-ஆம் தேதி, எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவில் கேமராக்கள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள்ளேயே போயின. முதலில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். பிறகு விட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள்: அரசிக்கு எண்ணெய் பூசும் சடங்கையும் நற்கருணைப் பகுதியையும் காட்டக்கூடாது. அந்த நேரம் வந்தபோது கேமராக்கள் வேறுபக்கம் பார்த்தன. கோடிக்கணக்கானவர்கள் பார்த்த நிகழ்ச்சியின் நடுநாயகமான கணம் திரையில் இல்லை. யாரும் ஏமாந்துவிட்டதாக எண்ணவில்லை. இங்கே ஏதோ பெரிய காரியம் நடக்கிறது, அதனால்தான் மறைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. எதைக் காட்டுவது என்பதுபோலவே எதைக் காட்டாமல் இருப்பது என்பதும் அந்த மேசையில் எடுக்கவேண்டிய முடிவு. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

திருப்பலியே தொலைக்காட்சிக்கு வந்தது அதற்கு முன்னால். 1948 டிசம்பர் 24 நள்ளிரவு, பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்திலிருந்து கிறிஸ்து பிறப்புத் திருப்பலி நேரலையாக ஒளிபரப்பானது. அப்போது பாரிஸில் தொலைக்காட்சிப் பெட்டிகளே சில ஆயிரம்தான். அதற்குப் பின்னின்று உழைத்தவர் தொமினிக்கன் சபைக் குருவான ரேமோன் பிஷார். அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து பிரான்சில் ஞாயிறு தோறும் திருப்பலி ஒளிபரப்பாகத் தொடங்கியது. இதை ஒட்டியே 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோயில் படுத்திருந்த கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயத்துக்குப் போக முடியாமல் தவித்தபோது, அங்கே நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அவருக்குக் கேமராவும் தேவைப்படவில்லை, மிக்சிங் பண்ண ஆளும் தேவைப்படவில்லை! அதே திருத்தந்தை 1957-இல் எழுதிய சுற்றுமடலில், திரையில் திருப்பலி பார்ப்பதும் நேரில் பங்கெடுப்பதும் ஒன்றல்ல, கடன் திருநாளின் கடமை அதனால் தீராது என்றும் தெளிவாகச் சொன்னார்.

எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. குருமடத்தில் நாம் படித்த காலத்தில் கார்ல் ரானர் என்ற பெயர் காதில் விழாத வாரமே கிடையாது. அந்த மாபெரும் இறையியலாளர் 1950-களில் திருப்பலியைத் தொலைக்காட்சியில் காட்டுவதை எதிர்த்து எழுதினார். ஆதித் திருச்சபையில் திருமுழுக்குப் பெறாதவர்களை நற்கருணைப் பகுதிக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். விசுவாசத்தோடு நுழைபவருக்கே உரிய மறைபொருள் அது. அதை, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எவரும் பார்த்துப் போகிற காட்சியாக ஆக்கலாமா என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் அவர் பார்ப்பவரைப் பற்றியே கவலைப்பட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. தேர்ந்தெடுப்பவரைப் பற்றிக் கவலைப்பட்டது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியான திருவழிபாட்டுச் சட்டத்தில், இருபதாம் எண்ணைப் பாருங்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வழிபாடுகளை, குறிப்பாகத் திருப்பலியை, ஒலி ஒளிபரப்பும்போது அது நிதானத்தோடும் மாண்போடும் நடக்கவேண்டும், ஆயர்களால் நியமிக்கப்பட்ட தகுந்த ஒருவரின் பொறுப்பில் நடக்கவேண்டும் என்பது அதன் சாரம். கருவி எப்படி இருக்கவேண்டும் என்று சங்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஆளைப் பற்றிச் சொன்னது.

அந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆலயத்துக்கு வெளியிலிருந்து ஒரு சம்பவம் சொல்லலாம். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். நம்மூரில் அது ஜூலை 21, திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வானொலியில்தான் நம் ஜனங்கள் கேட்டார்கள். உலகெங்கும் சுமார் 60 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நிலவிலிருந்து வந்தது ஒரே கேமராவின் படம். ஆனால் பூமியில் அதை மூன்று இடங்களில் பிடித்தார்கள்: அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவில் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ். ஆஸ்திரேலியப் படங்கள் இரண்டில் ஒன்றைச் சிட்னியில் தேர்ந்தெடுத்து அனுப்ப, அதுவும் கோல்ட்ஸ்டோன் படமும் ஹூஸ்டனுக்குப் போகும் ஏற்பாடு. அங்கே ஸ்விட்சில் உட்கார்ந்திருந்தவர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதைத்தான் உலகம் பார்க்கும். முதலில் வந்த கோல்ட்ஸ்டோன் படம் தலைகீழாக இருந்தது. வண்டியில் கேமராவைத் தலைகீழாகத்தான் பொருத்தியிருந்தார்கள். பூமியில் ஒரு பொத்தானைத் தட்டி நேராக்க வேண்டும். தட்டிய பிறகும் படத்தில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரிந்தன, உருவம் பிடிபடவில்லை. ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். நேரமில்லை. ஹூஸ்டன்காரர் ஹனிசக்கிள் படத்துக்கு மாற்றினார். உலகம் பார்த்த அந்த முதல் காலடி அங்கிருந்து வந்தது. எட்டு ஒன்பது நிமிடம் கழித்து, அதைவிடத் தெளிவாக இருந்த பார்க்ஸ் படத்துக்கு மாறி, கடைசிவரை அதிலேயே நின்றார்கள். ஆம்ஸ்ட்ராங் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஸ்விட்சில் இருந்தவரின் பெயர் நமக்கு யாருக்காவது தெரியுமா?

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கியது. சென்னை நிலையம் வந்தது 1975-இல். நம் தென்கடலோர ஊர்க்காரர்கள் உயரமான ஆன்டெனா நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்த காலமும் உண்டு. அப்போதெல்லாம் பல கேமராக்களை மாற்றிக் காட்ட வேண்டும் என்றால் ஒரு வேன் நிறையக் கருவியும் பத்துப்பதினைந்து ஆட்களும் வேண்டும். அது அரசாங்கத்தின் காரியம். பங்கு ஆலயம் கனவிலும் நினைக்க முடியாது.

கதவைத் திறந்தது கம்ப்யூட்டர். 1990-இல் அமெரிக்காவின் நியூடெக் என்ற நிறுவனம் 'வீடியோ டோஸ்டர்' என்ற ஒரு சர்க்யூட் அட்டையை விற்றது. அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் அதைச் செருகினால் நான்கு கேமராக்களை மாற்றலாம், கலக்கலாம். பெரிய நிலையங்களின் கருவிகளோடு ஒப்பிட்டால் விலை மிகச் சொற்பம். பிறகு 2012-இல் ஹியூ பெய்லி என்ற இளைஞர் ஓ.பி.எஸ். என்ற மென்பொருளை எழுதி, காசு வாங்காமல், உள்ளே இருக்கும் நிரலையும் மறைக்காமல் உலகத்துக்குக் கொடுத்தார். இன்று நம் பாடகர் மாடத்து லேப்டாப்பில் ஓடுவது பெரும்பாலும் அதுதான். அதன் திரையை ஒருமுறை போய்ப் பாருங்கள். இடதுபக்கம் அடுத்து காட்டப்போகும் படம், வலதுபக்கம் இப்போது வெளியே போய்க்கொண்டிருக்கும் படம். நடுவில் பொத்தான். வெட்டி மாற்றலாம், அல்லது ஒன்று கரைந்து மற்றது வரும்படி மாற்றலாம்.

கரைவது எப்படி நடக்கிறது? கம்ப்யூட்டருக்குப் படம் என்பது எண்களின் கூட்டம். இன்றைய சாதாரண கேமராப் படம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு கேமராவுக்கே ஐந்து கோடிக்கு மேல். ஒரு புள்ளியின் வெளிச்சம் ஒரு கேமராவில் 200, மற்றதில் 40 என்று இருந்தால், பாதிக்குப் பாதி கலந்தால் 120. நூற்றுக்கு நாலு பங்கு புதியது, அப்புறம் எட்டு, பன்னிரண்டு என்று ஒவ்வொரு படமாக ஏற்றிக்கொண்டே போனால், ஒரு விநாடியில் பழைய படம் மறைந்து புதியது முழுதாக வந்திருக்கும். தாளச் சிக்கலையும் கம்ப்யூட்டர் வேறுவிதமாகத் தீர்த்தது. வருகிற படங்களை நினைவகத்தில் ஒரு கணம் நிறுத்திவைத்து, எல்லாம் வந்து சேர்ந்ததும் சேர்த்துக் கொடுக்கிறது. அந்தக் காத்திருப்பு சில சமயம் தொல்லை தரும். படம் காத்திருந்து வரும், ஒலி மிக்சரிலிருந்து நேராக ஓடிவந்துவிடும். அதனால் வீட்டில் பார்ப்பவருக்கு மணியோசை முதலில் கேட்கும், அப்பம் பிறகுதான் உயரும். ஓ.பி.எஸ்.-இல் ஒலியை இத்தனை மில்லி விநாடி தாமதப்படுத்து என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. திருப்பலிக்கு முன் ஒருவர் கேமரா முன்னால் கைதட்டினால், தட்டுவது தெரியும்போது சத்தமும் கேட்கிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

2020 மார்ச் 25-இலிருந்து ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 12 உயிர்ப்புப் பெருவிழா. ஆலயக் கதவுகள் பூட்டியிருந்தன. உரோமை வழிபாட்டுப் பேராயம் அந்த மார்ச்சில் வெளியிட்ட ஆணையில், மக்கள் வீட்டிலிருந்து இணைவதற்கு நேரலை உதவும், பதிவுசெய்த படம் அல்ல, நேரலை என்று குறிப்பிட்டே சொன்னது. அந்த வேறுபாட்டை எத்தனை பேர் கவனித்தோமோ தெரியாது. நேரலை என்றால் அங்கே குரு செபிக்கிற அதே வேளையில் இங்கே நாமும் செபிக்கிறோம். பதிவு என்றால் நடந்து முடிந்ததை வேடிக்கை பார்க்கிறோம். மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். வத்திக்கானில் கேமராக்களுக்கா பஞ்சம்? ஆனாலும் படத்தை மாற்றியவர் அவசரப்படவில்லை. அவ்வளவு பெரிய சதுக்கத்தில் வெள்ளை உடையில் ஒரு சிறு உருவம், அந்த அகன்ற படத்திலேயே நீண்ட நேரம் நின்றார்கள். பிறகு மழைத்துளி வழிந்த பாடுபட்ட சுரூபம். ஆசீரின்போது ஆலய மணியும் தெருவிலிருந்து ஆம்புலன்ஸ் ஒலியும் சேர்ந்து கேட்டன. வெளிச்சத்தத்தை அடைக்கவில்லை. நன்றாகச் செய்தார்கள்.

நம் ஊர்களில் பல இடங்களில் இந்த வேலையைச் செய்வது கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய பிள்ளைகள். குறை சொல்லவில்லை. கேமரா பிடிக்க அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கல்யாணத்தில் கற்ற வழக்கம் அப்படியே ஆலயத்துக்கு வருகிறது. மூன்று விநாடிக்கு ஒரு மாற்றம். பூ விரிவதுபோல ஒரு படம் மறைந்து இன்னொன்று. எழுந்தேற்ற நேரத்தில் அப்பத்தின்மேல் பாடகியின் முகம் கரைந்து படிகிறது. கணக்குப்படி அது பாதிக்குப் பாதி கலவை. வழிபாட்டின்படி அது குழப்பம். முன்வரிசையில் உட்காரும் பெரிய மனிதர்களின் முகம் ஐந்து தடவை வருகிறது, தூணுக்குப் பின்னால் நிற்கும் கட்டடத் தொழிலாளி ஒருதடவைகூட வருவதில்லை. ஆண்டவர் முன்னிலையில் இடம் பார்த்து உட்காரவைக்கக் கூடாது என்று யாக்கோபு எழுதியதை நாம் வாசக மேடையிலிருந்து வாசிக்கிறோம். மேலே மாடத்தில் அதற்கு எதிராக ஒரு விரல் வேலை செய்கிறது, அவர் அறியாமலேயே.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரரை நான்கு பேர் சுமந்துபோய், கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அவர்களுடைய பெயரும் நற்செய்தியில் இல்லை. மாடத்துத் தம்பியும் படுக்கையில் இருக்கிறவர்களை அப்படித்தான் உள்ளே இறக்குகிறார். எனவே அவர் யாரோ ஒரு கூலிக்காரராக இருக்கக்கூடாது என்பது நம் கருத்து. வாசகருக்கும் பீடப் பணியாளருக்கும் பயிற்சி கொடுக்கிறோம், அவருக்கும் கொடுக்கவேண்டும். அடுத்து என்ன செபம் வரும், குரு எங்கே நகர்வார், எப்போது அமைதி என்று திருப்பலி ஒழுங்கு மனப்பாடமாகத் தெரிந்தவரால்தான் சரியான நேரத்தில் மாற்ற முடியும். கேமராக்களைக் கூட்டிக்கொண்டே போவதில் நமக்கு ஆர்வமில்லை. மூன்று போதும். நற்கருணை மன்றாட்டு தொடங்கியதிலிருந்து விண்ணகத் தந்தை செபம் வரை பீடத்துக் கேமரா ஒன்றே போதும், மாற்றவே வேண்டாம். நற்கருணை வாங்குகிறவர்களின் முகத்தை அருகில் காட்டவேண்டாம். லண்டனில் 1953-இல் அரசிக்குக் கொடுத்த மரியாதையை நம் பங்கு மக்களுக்கும் கொடுப்போம். அந்த நேரத்தில் வாசல் பக்கத்து அகன்ற படம் போகட்டும். தூணுக்குப் பின்னால் நிற்பவரும் அதில் இருப்பார்.

இனி அடக்கத் திருப்பலி. பிள்ளை வெளிநாட்டில், விசா கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை. இங்கே அய்யாவை எடுக்கிறார்கள். இந்த நிலை நம் பங்குகளில் ஆண்டுக்கு எத்தனை தடவை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆலயத்தில் கேமரா இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில் இல்லை. அங்கே ஒருவர் கைப்பேசியோடு போய் அந்தப் படத்தை லேப்டாப்புக்கு அனுப்பவேண்டும். இரண்டு இடத்துப் படமும் ஒரே மேசைக்கு வரும். சிக்னல் கிடைக்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆலயத்திலிருந்து பெட்டி புறப்பட்டதும் அவசரப்பட்டு மாற்றாமல், கல்லறைப் படம் தெளிவாக வந்துவிட்டதா என்று இடப்பக்கத் திரையில் பார்த்துவிட்டு மாற்றவேண்டும். யூடியூப் வழியாகப் போகும்போது பத்து முதல் முப்பது விநாடி வரை தாமதம் இருக்கும். ஆகவே வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அதே சமயம் போன் போட்டு "மண் போடுறோம், மண் போடுறோம்" என்று சொல்லாதீர்கள். அவர் திரையில் இன்னும் பெட்டி இறங்கியிருக்காது. போனை வைத்துவிட்டு அவரைப் பார்க்கவிடுங்கள். கேமரா பிடிப்பவருக்கும் ஒன்று சொல்கிறோம்: கடைசி ஆள் மண் போட்டு முடிக்கும்வரை குழிமேட்டைவிட்டு கூட்டத்தின் பக்கம் திருப்பவேண்டாம். அங்கே யார் யார் வந்திருந்தார்கள் என்பதை அவர் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வார்.